பாலில் விஷம் கலக்காத பொய்கள்: சின்னத்திரைக் கதாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சின்னத்திரைத் தொடர்களுக்குக் கதை, திரைக்கதை, வசனம் எழுதும் அனைவருக்கும் வணக்கம்.

உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ராத்திரி ஒன்பது மணிக்கு ரிமோட்டைத் தேடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நானும் தொடர் பார்க்கிற ஆள்தான். கூடவே நாவலும் சிறுகதையும் படிக்கிற ஆள். இந்த இரண்டு பழக்கமும் ஒரே மண்டைக்குள் இருப்பதால் வந்த வினை இந்த மடல்.

குடும்பத்துக்குள் சொல்லப்படும் பொய், அதனால் வரும் குற்றவுணர்ச்சி, பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் செய்யும் துரோகம். இவற்றை எடுத்துவிட்டால் உங்களுக்கும் பிழைப்பு இல்லை, நாவலாசிரியர்களுக்கும் பிழைப்பு இல்லை. இருவரும் ஒரே கடையில்தான் சரக்கு வாங்குகிறீர்கள். ஆனால் நாவலில் ஒரு பொய்யைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டதுபோல, தொடரில் வரும் பொய்க்காக நான் ஒருநாளும் புரண்டதில்லை. 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போயிருக்கிறேன். ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்ததில் ஒரு காரணம் பிடிபட்டது.

உங்கள் தொடரில் வரும் பொய் ஒருத்திக்கு மட்டும் சொந்தம். பெரும்பாலும் நாத்தனார், இல்லையென்றால் ஓரகத்தி, அதுவும் இல்லையென்றால் விருந்தாளியாக வந்து மாதக்கணக்கில் கிளம்பாமலே தங்கிவிட்ட ஒரு பெண். டாக்டர் ரிப்போர்ட்டை அவள்தான் மாற்றி வைப்பாள். பாலில் எதையோ கலப்பாள். கலந்துவிட்டு ஜன்னலோரம் நின்று, தான் செய்ததைத் தனக்கே விளக்கமாகச் சொல்லிக்கொள்வாள். அவளுக்கும் தெரியும், பார்க்கிற எங்களுக்கும் தெரியும், வீட்டிலிருக்கும் மற்ற யாருக்கும் தெரியாது. மருமகளின் குரல் கொஞ்சம் கம்மினாலே 'என்ன, உங்கம்மா போன் பண்ணாளா?' என்று கேட்கிற மாமியாருக்கு இது மட்டும் கண்ணில் படாது. அப்புறம் நல்லவள் ஒருத்தி உண்மையைத் தெரிந்துகொள்வாள். 'அத்தை, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்' என்று வாயைத் திறப்பாள். போன் அடிக்கும். மறுநாள் திறப்பாள், தாத்தா மயங்கி விழுவார். இப்படியே அந்த வாரம் ஓடிவிடும். வியாழக்கிழமை டி.ஆர்.பி. வரும்போது எண் கொஞ்சம் ஏறியிருந்தால் இன்னும் இரண்டு வாரம் தாத்தாவுக்கு நினைவு திரும்பாது. உங்கள் மேல் இருக்கிற நெருக்கடி புரியாமல் இல்லை. காலையில் வசனம் எழுதி, மதியம் அது படமாகி, அந்த வாரமே ஒளிபரப்பாகும் தொழிலில் நிதானம் எங்கிருந்து வரும்?

ஆனால் வீட்டில் பொய் இப்படி வாழ்வதில்லை. வீட்டில் பொய் கூட்டுக் குடும்பச் சொத்து. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கையை விட்டாலும் மற்றவர் தாங்கிப் பிடிப்பார். நல்ல எழுத்தாளர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். உங்கள் கதை விவாத அறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966-இல் வந்த நாவல். அலங்காரத்தம்மாள் வீட்டுக்கு அவளுடைய காதலன் சிவசு வந்து போகிறான். கணவர் தண்டபாணிக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசிக் குழந்தைகளின் முகமே சொல்லிவிடுகிறது. காவிரிக்கரையில் இருக்கும் வேத பாடசாலைவரை அந்தச் சேதி எட்டியிருக்கிறது. தெரியாத ஒரே ஆள், சின்ன வயதிலேயே வேதம் படிக்க அங்கே அனுப்பப்பட்ட அவள் மகன் அப்பு. அவன் படிப்பு முடிந்து வீட்டுக்கு வருகிறான். உங்கள் தொடராக இருந்தால் இந்த இடத்தில் மகா சங்கமமே நடத்தியிருப்பீர்கள். நாவலில் கூச்சல் இல்லை, யாரும் யாரையும் அறையவில்லை. அப்புவுக்குத் தெரிந்துபோகிறது, அவ்வளவுதான். வீடு வழக்கம்போலச் சமைக்கிறது, சாப்பிடுகிறது, தூங்குகிறது. தனக்குத் தெரிவதற்கு முன்பே எல்லாரும் தெரிந்துகொண்டு வாழப் பழகிவிட்டார்கள் என்பதுதான் அவனுக்கு விழுகிற பெரிய அடி.

இதைவிடக் கூர்மையான இடம் ஒன்று உண்டு. அத்தனை பிள்ளைகளில் அப்புவை மட்டும் ஏன் வேதம் படிக்க அனுப்பினாள்? அவன் ஓதி ஓதி நெருப்பாகத் திரும்பி வந்தால், அந்தச் சூட்டில் தன் பாவம் எரிந்துபோகும் என்று அவள் நம்பினாள். பிள்ளையின் இளமை முழுவதையும் அவனிடம் சொல்லாமலே தன் பிராயச்சித்தத்துக்குச் செலவு செய்திருக்கிறாள். கணவனுக்குச் செய்ததைவிட மகனுக்குச் செய்த இதுதான் எனக்குப் பெரிய துரோகமாகப் படுகிறது. ஆனால் அதைத் துரோகம் என்று அவளும் நினைக்கவில்லை, ஊரும் நினைக்கவில்லை. பிள்ளையை வேதம் படிக்க வைத்த புண்ணியவதி! நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் அம்மாவின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். அப்புவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆக, துரோகம் செய்கிற அம்மாவுக்கு வில்லிச் சிரிப்பு தேவையில்லை. அவள் பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கலாம். உயிரை வைத்திருப்பதால்தான் அப்படிச் செய்யவும் செய்வாள்.

நம் வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பாட்டியிடம் மட்டும் 'வயித்துல சின்னக் கட்டி' என்பார்கள். பாட்டிக்கும் தெரியும். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியாததுபோலவே மாத்திரையை விழுங்குவார். யார் யாரை ஏமாற்றுகிறார்கள்? வேலை போன அப்பா தினமும் சட்டை மடிப்புக் கலையாமல் கிளம்பிப் போவார். அம்மா கேட்காமல் டப்பாவில் சோறு கட்டிக் கொடுப்பாள். மருமகளின் வளையல் சேட்டுக் கடைக்குப் போயிருப்பது மாமியாருக்குத் தெரியும். விசேஷத்துக்கு வந்த உறவுக்காரி 'வளையல் எங்கே?' என்று கேட்கும்போது 'பாலிஷுக்குக் கொடுத்திருக்கு' என்று முந்திக்கொண்டு பதில் சொல்வதே மாமியார்தான். இந்த மாமியாரை நான் உங்கள் தொடரில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பாத்திரம் நன்றாக இருக்கும், செலவும் இல்லை.

சரி, பாசத்தில் சொல்லும் பொய் என்றால் மன்னித்துவிடலாமா? இங்கேதான் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை உங்களிடம் நீட்ட விரும்புகிறேன். 2010-இல் வந்தது. நான்கு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் மறுபடி எழுதலாம் என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. இதெல்லாம் செய்தியாக உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில் திருவிழாவின் ஓர் இரவில் குழந்தையில்லாத பெண் முன்பின் தெரியாத ஆணோடு சேரலாம் என்று ஒரு வழக்கம் இருந்ததா இல்லையா, எழுதலாமா கூடாதா என்று ஊர் ரெண்டுபட்டு விவாதித்தது. அந்த இரைச்சலில் ஒன்று காணாமல் போனது. அந்த நாவல் அடிப்படையில் ஒரு குடும்பம் கூடிச் சொன்ன பொய்யைப் பற்றியது.

வெள்ளைக்காரர் காலத்துக் கொங்கு நாடு. காளிக்கும் பொன்னாளுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகக் குழந்தை இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு ஆசை. ஊர் பேசுகிறது; சொந்தபந்தம் குத்துகிறது. தேர்த் திருவிழாவின் பதினாலாம் நாள் இரவு பொன்னாளை அனுப்பிவைத்தால் சாமி கொடுத்த பிள்ளையாகப் பிறக்கும் என்று காளியின் அம்மாவும் பொன்னாளின் அம்மாவும் பேசி வைத்துக்கொள்கிறார்கள். காளி மறுக்கிறான். பொன்னாளிடம் 'போவியா?' என்று கேட்டும் பார்க்கிறான். அவன் சொன்னால் போகிறேன் என்கிறாள் அவள். அந்தப் பதில் அவனுக்குள் முள்ளாகத் தைத்துவிடுகிறது. அவளைப் பொறுத்தவரை அது கணவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவளின் பதில். அவனுக்கோ அது சம்மதமாகவே கேட்கிறது. ஒரே வாக்கியத்தை இருவர் இரண்டு விதமாகக் கேட்கிற இந்தச் சின்ன விரிசல் போதும் பெருமாள்முருகனுக்கு. அதற்குள் குடும்பமே ஆப்பை இறக்குகிறது.

இறக்குகிறவன் யார் தெரியுமா? முத்து. பொன்னாளின் அண்ணன், காளியின் பால்ய நண்பன். காளி சம்மதித்துவிட்டான் என்று தங்கையிடம் பொய் சொல்கிறான். மச்சானைக் குடிக்க அழைத்துப்போய்விடுகிறான். பெற்றவர்கள் வண்டி பூட்டுகிறார்கள். பொய் சொன்னவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. தங்கைக்கு ஒரு பிள்ளை வேண்டும், நண்பனை ஊர் இளப்பமாகப் பேசக் கூடாது, வம்சம் நிலைக்க வேண்டும். அவரவர்க்கு ஒரு நியாயம் இருக்கிறது. நடுராத்திரியில் போதை கலைந்து திரும்புகிற காளி வீட்டில் ஆள் இல்லாததைப் பார்க்கிறான். அவன் கோபம் யார்மேல் போய் விழுகிறது? முத்துவின்மேலோ, அம்மாவின்மேலோ அல்ல. பொன்னாளின்மேல். அவள் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்கிறான்.

அந்த வீட்டில் பொய்யே சொல்லாத இரண்டே பேர் அவர்கள் இருவரும்தான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். உங்கள் தொடரில் பொய் சொன்னவளுக்கே கடைசியில் தண்டனை. சிறை, பைத்தியம், மாடிப்படியில் உருளல், ஏதோ ஒன்று. அது ஒரு கணக்கு, எங்களுக்கும் அதில் திருப்திதான். ஆனால் குடும்பத்தில் பெரும்பாலும் பொய் சொன்னவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். சொன்னவர் 'எல்லாம் உன் நல்லதுக்குத்தானே' என்று எழுந்து போய்விடுவார். நாவலின் முடிவில் காளி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. பிறகு 2014-இல் 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ஒன்றில் காளி இறந்துவிடுகிறான், மற்றொன்றில் பிழைத்துவிடுகிறான். ஒரே பொய்க்கு இரண்டு எதிர்காலம். இதைக் கேட்டாலே உங்களில் யாருக்காவது கை துறுதுறுக்க வேண்டும்.

இனி உங்களுக்கு மிகவும் பிடித்த எபிசோடுக்கு வருகிறேன். உண்மை உடைகிற எபிசோடு. அதற்கு முன் ஒரு வாரம் ப்ரோமோ ஓடும். வீட்டு நடுக்கூடத்தில் எல்லாரும் வட்டமாக நிற்பார்கள். ஒவ்வொரு முகமாக ரியாக்‌ஷன் ஷாட். உண்மை வெளியே வந்ததும் வீடு சுத்தமாகிவிடும். நல்லவர்கள் கட்டிக்கொள்வார்கள்.

உண்மை வெளியே வந்தால் வீடு சுத்தமாகிவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. கல்லூரி மாணவி ஒருத்தி கொட்டும் மழையில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். அவளுக்கு நேரக்கூடாதது நேர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அலறுகிறாள், அடிக்கிறாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அம்மாவுக்குள் என்னவோ நடக்கிறது. பெண் மழையில் தெப்பமாக நனைந்துகொண்டு வந்துவிட்டாள், அதற்குத்தான் திட்டினேன் என்று ஊருக்கு ஒரு பொய் சொல்கிறாள். கதவைச் சாத்துகிறாள். பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். யாரிடமும் மூச்சு விடாதே என்கிறாள். அப்படி ஒரு பொய் அந்தப் பெண்ணுக்கு உயிரைத் திருப்பிக் கொடுக்கிறது.

வாசகர்கள் கொதித்துப்போனார்கள். பாராட்டும் வந்தது, வசையும் வந்தது. ஜெயகாந்தன் என்ன செய்தார்? கதையைத் தலைகீழாக்கி ஒரு நாவல் எழுதினார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்', 1972-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். அதே மழை, அதே கார், அதே பெண். ஒரே ஒரு மாற்றம்தான்: அம்மாவுக்கு அந்த நொடியில் பொய் சொல்லத் தோன்றவில்லை. கூப்பாடு போட்டுவிடுகிறாள். அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு கொடுப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போகும் மாமாவின் கையே அவள்மேல் ஊர்கிறது. அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கை எங்கெங்கோ இழுபட்டுப் போகிறது. பல வருஷம் கழித்து அவளுடைய அம்மா பத்திரிகையில் 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் படிக்கிறாள். ஆமாம், நாவலுக்குள்ளேயே அந்தக் கதை வருகிறது. இந்தக் கதையில் வரும் அம்மாவுக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று அவள் அழுகிறாள்.

தமிழில் குற்றவுணர்ச்சியைப் பற்றி இதைவிடச் சிறப்பான ஒரு காட்சியைச் சட்டென்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த அம்மா துரோகம் செய்யவில்லை, பொய் சொல்லவில்லை. உண்மையை உரக்கச் சொன்னாள். அதுதான் அவள் செய்த குற்றம். பேச்சுவாக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரு எழுத்தாளர் தன் கதையின் முடிவை வாசகர்கள் ஏற்காதபோது மன்னிப்பும் கேட்கவில்லை, வீம்பும் பிடிக்கவில்லை. 'சரி, நீங்கள் சொல்வதுபோலவே அம்மா நடந்துகொண்டால் என்ன ஆகும் பாருங்கள்' என்று ஒரு முழு நாவலையே எழுதிக் காட்டினார். சமூக வலைத்தளக் கமெண்டுக்குப் பயந்து பாத்திரத்தையே மாற்றிவிடும் இந்தக் காலத்தில் அந்தத் தைரியம் கொஞ்சம் யாருக்காவது கடன் கிடைத்தால் நல்லது.

நம் ஊர்க் கதைகள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நார்வேக்காரர் ஹென்ரிக் இப்சன் 1884-இல் எழுதிய 'காட்டு வாத்து' நாடகத்தில், குடும்பம் உண்மையின்மேல்தான் நிற்க வேண்டும் என்று கொள்கை பிடித்த ஒருவன், நண்பனின் மனைவியுடைய பழைய ரகசியத்தைக் கிளறிவிடுகிறான். எல்லாம் வெளியே வந்தால் புதுவாழ்வு மலரும் என்பது அவன் எண்ணம். தன் மகள் தன்னுடையவள்தானா என்று சந்தேகம் வந்த அப்பா அந்தச் சிறுமியை விலக்கித் தள்ளுகிறார். அவள் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். கொள்கைக்காரனுக்கு ஒரு கீறலும் இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் பொய் சொல்வதே மேல் என்று நான் வாதாடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வகைப் பொய் ஒரு வீட்டில் பெண்ணைக் காப்பாற்றும், இன்னொரு வீட்டில் பெண்ணைக் கொல்லும். இமையத்தின் 'பெத்தவன்' கதையில் ஊரே கூடி, சாதி மாறிக் காதலித்த மகளை விஷம் வைத்துக் கொல் என்று அப்பனிடம் சத்தியம் வாங்குகிறது. அவர் ஊருக்குத் தலையாட்டிவிட்டு, இரவோடு இரவாக நகையும் பணமும் கொடுத்து மகளை அனுப்பிவிடுகிறார். அப்புறம் விஷத்தைத் தானே குடிக்கிறார். ஊருக்குச் செய்த துரோகம், பெண்ணுக்குக் காட்டிய பாசம், இரண்டும் ஒரே செயல். 'நல்லவர் பொய் சொல்ல மாட்டார்' என்கிற உங்கள் விதி இந்த அப்பனை எந்தப் பெட்டியில் போடும்?

குற்றவுணர்ச்சிக்கு நீங்கள் கொடுக்கும் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் தொடரில் குற்றவுணர்ச்சி வந்தால் பூஜையறைக்குப் போவார்கள். சாமி படத்தின்முன் நின்று உரக்க அழுவார்கள். அதை மறைந்து நின்று யாரோ கேட்பார்கள். கதவுக்குப் பின்னால் நிற்பதற்கென்றே உங்கள் வீடுகளில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிறார்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துப் பாருங்கள். மதுரை ஆயர்பாடியில் மாதரி கொடுத்த வீடு. கண்ணகி சமைத்துப் போட, கோவலன் சாப்பிட்டு முடிக்கிறான். வெற்றிலை மடித்துக் கொடுக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவன் வாய் திறக்கிறது. உதவாக்கரைகளோடு சேர்ந்து திரிந்தேன், பெற்றவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை, உனக்கும் சிறுமை செய்தேன், எனக்கு நல்ல கதி உண்டா என்று கேட்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகு, வெற்றிலைக்குப் பிறகு. குற்றவுணர்ச்சி வீட்டில் அந்த நேரத்தில்தான் பேசும். வயிறு நிறைந்து, எதிரில் இருப்பவர் சண்டைக்கு வரவில்லை என்று தெரிந்த பிறகு.

கண்ணகி சொல்லும் பதில் இன்னும் பிரமாதம். நீங்கள் என்னை விட்டுப் போயிருந்தபோது உங்கள் அப்பாவும் அம்மாவும் வந்து என்னைப் பாராட்டிப் பேசுவார்கள். நான் வலியை உள்ளே ஒளித்துக்கொண்டு சிரிப்பேன். அந்தச் சிரிப்பு பொய் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், அவர்கள் மனம் நோகும். அப்படி நோகும்படி நீங்கள் நடந்துகொண்டீர்கள் என்கிறாள். 'வாயல் முறுவல்' என்கிறார் இளங்கோ, உண்மையில்லாத புன்னகை. மருமகள் மாமியாருக்காக நடிக்கிறாள். மாமியார் நடிப்பைக் கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடித்ததை மறைக்கிறார். தமிழின் முதல் காப்பியத்திலேயே மாமியார் மருமகள் காட்சி இவ்வளவு நுட்பமாக இருக்கிறது! நமக்குக் கிடைத்ததோ குழம்பில் உப்பள்ளிக் கொட்டுகிற மருமகள்.

கோவலன் மன்னிப்புக் கேட்டானா, கண்ணகி மன்னித்தாளா என்று அந்தக் காட்சியில் தெளிவாக இல்லை என்பதையும் கவனியுங்கள். தவறு செய்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுகிறாள். ஆனாலும் கூப்பிட்டதும் எழுந்து வந்தேன் என்கிறாள். சிலம்பைக் கழற்றித் தருகிறாள். கதை நகர்ந்துவிடுகிறது.

இந்நேரம் உங்களில் யாராவது சொல்லியிருப்பீர்கள்: இதெல்லாம் புத்தகத்துக்குச் சரி, டிவியில் இப்படி எடுத்தால் ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள். எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. 'இது எப்போது வெளியே வரும்?' என்கிற ஆவலைவிட, 'இவளுக்குத் தெரியுமா தெரியாதா, தெரிந்துகொண்டே பேசுகிறாளா?' என்கிற ஆவல் அதிக நாள் தாங்கும். பாட்டி கதையை யோசியுங்கள். வீட்டில் ஏழு பேருக்குத் தெரியும், ஆனால் யாருக்குத் தெரியும் என்பது யாருக்குத் தெரியும்? அதிலேயே ஒரு ஆறு மாதம் ஓட்டலாம், யாரும் மாடிப்படியில் விழாமல். நடிப்பவர்களுக்கும் அழுவதைத் தவிர வேறு ஏதாவது செய்யக் கிடைக்கும்.

வெறும் உபதேசத்தோடு விடாமல் ஒரு கதைக் கருவும் தருகிறேன். சொத்துத் தகராறு உங்களுக்குப் பழக்கமான ட்ராக்தான். உங்கள் தொடரில் வில்லன் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவான், அல்லது கட்டுக்கு நடுவே வேறு பத்திரத்தைச் செருகி வைப்பான். நிஜத்தில் அவ்வளவு சிரமம் யாரும் படுவதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் திருத்தியாயிற்று, கல்யாணமாகாத பெண்களுக்கு. 2005-இல் மத்தியச் சட்டம் மாறியபோது கல்யாணமான பெண்களுக்கும் அது வந்தது. அதன் பிறகும் எத்தனையோ வீடுகளில் தங்கைகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பெருவிரல் ரேகையும் வைக்கிறார்கள், போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் சட்டப்படி.

அந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தங்கையிடம் 'பேங்குல லோன் வாங்கணும், வெறும் ஃபார்மாலிட்டிதான்' என்கிறான். அது பொய். தங்கைக்குப் பத்திரம் படிக்கத் தெரியும், பள்ளிக்கூட டீச்சர். பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய மகளுக்கு அடுத்த வருஷம் சடங்கோ கல்யாணமோ வரும். தாய்மாமன் சீர் வேண்டும், பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டும். அதனால் நம்பியதுபோல நடிக்கிறாள். அவள் நம்பவில்லை என்று அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் அன்றைக்கு இரண்டாயிரம் ரூபாய் அதிகம் போட்டுப் பட்டுச்சேலை எடுத்திருக்கிறான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். மகளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பரிமாறுகிறாள். தங்கையின் கணவருக்குக் கோபம். ஆனால் அவரும் தன் அக்காவிடம் இதேபோல ஒரு கையெழுத்து வாங்கியவர், வாயைத் திறக்க முடியாது. சாட்சிக் கையெழுத்துப் போட வந்த சித்தப்பாவுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரிடமோ தான் வாங்கிய கையெழுத்து ஞாபகம் வருகிறது. இதில் யாருக்கு யார் துரோகம் செய்தார்கள்? அண்ணியை வில்லியாக்கினால் ஒரே நிமிஷத்தில் பதில் கிடைத்துவிடும். அவளைச் சும்மா விட்டுவிடுங்கள். அவளும் தன் பிறந்த வீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவளாகவே இருக்கட்டும்.

அப்புறம் அந்தத் தங்கை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் புதுச் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்ன நினைக்கிறாள் என்பதை மட்டும் வசனமாக எழுதிவிடாதீர்கள். கதைக்கு உரிமைத்தொகை வேண்டாம், டைட்டில் கார்டில் நன்றியும் வேண்டாம். அவள் கையெழுத்துப் போடும்போது பின்னணியில் இடி இடிக்க வைக்காமல் இருந்தால் அதுவே போதும்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களையும் விடாத, புத்தகங்களையும் விடாத ஒரு பார்வையாளர்